கைப்பேசியும் கடவுச்சீட்டும்: வாசகர் கேள்விகள், பதில்கள்

வெளிநாட்டுப் பயணத்தின்போது கைப்பேசியில் பேசுவது பற்றி வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்தபோது, பலருடைய குழப்பமும் ஒரே இடத்தில் தொடங்குவது தெரிந்தது. ஓர் அழைப்பு எத்தனை முறை நாட்டு எல்லையைத் தாண்டுகிறது, ஒவ்வொரு முறையும் அதைச் சுமந்து செல்பவர் யார் என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. கட்டணம் முழுவதும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஆகவே அந்தக் கணக்கை வெளிப்படையாகக் கேட்ட கடிதத்தையே முதலில் வைத்திருக்கிறேன்.

கேள்வி: புறப்படுவதற்கு முன்பு சேவை நிறுவனத்தை அழைத்து, வெளிநாட்டு எண்களுக்குப் பேசும் வசதியைக் கேட்டுப் பெற்றேன். வசதி தொடங்கிவிட்டதாகக் குறுஞ்செய்தியும் வந்தது. ஆனால் விமானம் தரையிறங்கிய பிறகு கைப்பேசியில் நெட்வொர்க்கே வரவில்லை. நான் பணம் கட்டி வாங்கிய வசதி எங்கே போயிற்று?

பதில்: அது எங்கும் போகவில்லை. வீட்டில்தான் இருக்கிறது, நீங்கள்தான் வெளியே வந்துவிட்டீர்கள். பன்னாட்டு அழைப்பு என்பது உங்கள் நாட்டு நெட்வொர்க்கில் இருந்துகொண்டு இன்னொரு நாட்டு எண்ணுக்குப் பேசுவது. ரோமிங் என்பது உங்கள் சிம் கார்டு இன்னொரு நாட்டு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் விருந்தாளியாகத் தங்குவது. முன்னதில் குரல் மட்டும் எல்லை தாண்டுகிறது. பின்னதில் நீங்களே தாண்டுகிறீர்கள். இரண்டையும் நிறுவனங்கள் தனித்தனி வசதிகளாகவே வைத்திருக்கின்றன, தனித்தனியாகவே கட்டணமும் போடுகின்றன.

இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. 2017 ஜூன் 15 முதல், ஒன்றியத்தின் ஓர் உறுப்பு நாட்டுச் சிம் கார்டுடன் மற்றோர் உறுப்பு நாட்டுக்குச் செல்பவர், நியாயமான பயன்பாட்டு வரம்புகளுக்கு உட்பட்டு, தம் வீட்டுக் கட்டணத்திலேயே பேசலாம். அதன்படி ஸ்பெயினுக்குச் சுற்றுலா வந்த ஜெர்மானியர் தம் வீட்டுக்குப் பேசினால் கூடுதலாக எதுவும் இல்லை. அதே மனிதர் ஜெர்மனியில் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்துகொண்டு ஸ்பெயினில் உள்ள நண்பரை அழைத்தால், அது ரோமிங் அல்ல, பன்னாட்டு அழைப்பு. மேற்சொன்ன சலுகை அதற்குப் பொருந்தாது. அந்த அழைப்புக்கு உச்சவரம்பு வர மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. 2019 மே 15 முதல்தான், வரி நீங்கலாக, நிமிடத்துக்கு 19 யூரோ சென்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்ற விதி வந்தது. பயணம் செய்பவருக்கு மலிவாகவும் வீட்டிலிருந்து பேசுபவருக்கு விலை கூடுதலாகவும் இருப்பது வேடிக்கைதான் என்றாலும், இரண்டும் வெவ்வேறு சரக்குகள் என்பதை இது நன்றாகக் காட்டிவிடுகிறது.

இனி உங்கள் நிலைமைக்கு வருவோம். தங்குமிடத்தில் வைஃபை கிடைத்தால், உங்கள் நிறுவனத்தின் செயலியின் வழியாகவே ரோமிங்கைத் திறந்துவிட முடியலாம். அதன் பிறகு கைப்பேசியை ஒருமுறை அணைத்து இயக்குங்கள். அப்போதும் நெட்வொர்க் வராவிட்டால், அமைப்புகளுக்குள் சென்று, உங்கள் நிறுவனம் ஒப்பந்தம் வைத்திருக்கும் உள்ளூர் நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுங்கள். அடுத்த முறை ரோமிங் பேக் வாங்கும்போது, 'எத்தனை நிமிடங்கள்' என்று கேட்பதோடு நின்றுவிடாமல் 'எந்தத் திசைக்கான நிமிடங்கள்' என்றும் கேளுங்கள். சென்றிருக்கும் நாட்டுக்குள் பேசுவது, தாய்நாட்டுக்குப் பேசுவது, மூன்றாவது நாடு ஒன்றுக்குப் பேசுவது, வரும் அழைப்பை எடுப்பது ஆகிய நான்கும் கட்டண அட்டவணையில் நான்கு வரிகள். முதல் இரண்டும் பேக்குக்குள் அடங்கி, மூன்றாவது மட்டும் வெளியே நிற்பது மிகவும் வழக்கமானது.

கேள்வி: நான் யாரையும் அழைக்கவில்லை. வீட்டிலிருந்து வந்த அழைப்புகளை எடுத்துப் பேசினேன், அவ்வளவுதான். அழைத்தவர்களும் பணம் செலுத்தியிருக்கிறார்கள், எனக்கும் கட்டணம் வந்திருக்கிறது. ஒரே அழைப்புக்கு இருவரிடம் வசூலிப்பது எந்த ஊர் நியாயம்?

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் அவர்கள் கட்டியதும் நீங்கள் கட்டியதும் ஒரே தூரத்துக்கானவை அல்ல. உங்களை அழைப்பவர் உங்கள் வழக்கமான எண்ணைத்தான் அழுத்துகிறார். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியன்று. அதனால் அவர் உள்ளூர் அழைப்புக்கு உரியதை மட்டும் செலுத்துகிறார். அந்த அழைப்பு முதலில், உங்களுக்குச் சிம் கொடுத்த தாய் நிறுவனத்தின் வாசலுக்கு வருகிறது. அங்குள்ள பதிவேட்டில், இந்தச் சந்தாதாரர் இப்போது இன்ன நாட்டில், இன்ன நிறுவனத்தின் நெட்வொர்க்கில் தங்கியிருக்கிறார் என்ற குறிப்பு இருக்கும். உடனே அந்த அயல்நாட்டு நெட்வொர்க்கிடம் கேட்டு, அந்த ஓர் அழைப்புக்காக மட்டும் ஒரு தற்காலிக எண்ணைப் பெற்று, அந்த எண்ணுக்கு அழைப்பை அனுப்பிவைக்கிறார்கள். வாசலிலிருந்து நீங்கள் இருக்கும் நாடு வரையான இந்தப் பன்னாட்டுத் துண்டுக்குத்தான் உங்களிடம் வாங்குகிறார்கள். பயணம் போனது நீங்கள் என்பதால் அந்தத் தூரமும் உங்கள் கணக்கில் ஏறுகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. ஜி.எஸ்.எம். என்ற 2ஜி கைப்பேசி முறையில் முதல் வணிகச் சேவை 1991இல் ஃபின்லாந்தில் தொடங்கியது. அடுத்த ஆண்டே டெலிகாம் ஃபின்லாந்தும் பிரிட்டனின் வோடஃபோனும் முதல் பன்னாட்டு ரோமிங் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. எங்கே போனாலும் ஒரே எண்ணில் கிடைக்கலாம் என்பது அன்றைக்குப் பெரிய அதிசயம். அந்த அதிசயத்தின் மறுபக்கத்தை ஒரு சிறு காட்சியில் சொல்லிவிடலாம். ஒரே நாட்டிலிருந்து வந்த இரு நண்பர்கள் வெளிநாட்டு விடுதி ஒன்றில் அடுத்தடுத்த அறைகளில் தங்கியிருக்கிறார்கள். ஒருவர் மற்றவரைச் சாப்பிட அழைப்பதற்காக ரோமிங்கில் இருக்கும் எண்ணை அழுத்துகிறார். நடுவில் இருப்பது ஒரு சுவர்தான். ஆனால் குரல் தாய்நாடு வரை சென்று, அங்கே பதிவேட்டைப் பார்த்துவிட்டு, மறுபடியும் அதே விடுதிக்குத் திரும்பி வருகிறது. போன பயணத்துக்கு அழைத்தவர் கட்டுகிறார், வந்த பயணத்துக்கு எடுத்தவர் கட்டுகிறார். கதவைத் தட்டியிருந்தால் இருவருக்கும் மிச்சம்.

கேள்வி: கூட்டங்களில் இருந்ததால் பல அழைப்புகளை நான் எடுக்கவே இல்லை, சிலவற்றைத் துண்டித்தும் விட்டேன். அவற்றுக்கும் கட்டணம் போட்டிருக்கிறார்களே?

பதில்: உங்கள் எண்ணில், எடுக்காத அழைப்புக்குக் குரல் செய்தியைப் பதிவுசெய்துவைக்கும் வாய்ஸ்மெயில் வசதி இருக்கிறது என்று நினைக்கிறேன். முந்தைய பதிலில் சொன்னபடி அழைப்பு ஒருமுறை எல்லை தாண்டி உங்கள் கைப்பேசியை வந்து சேர்கிறது. நீங்கள் எடுக்கவில்லை, அல்லது துண்டிக்கிறீர்கள். உடனே உங்கள் கைப்பேசி தங்கியிருக்கும் அயல்நாட்டு நெட்வொர்க் அதை உங்கள் வாய்ஸ்மெயிலுக்குத் திருப்பிவிடுகிறது. வாய்ஸ்மெயில் பெட்டியோ தாய்நாட்டில் இருக்கிறது. ஆக, அழைப்பு இரண்டாம் முறையும் எல்லையைத் தாண்டுகிறது. வந்ததற்கு ஒரு கட்டணம், திருப்பி அனுப்பியதற்கு ஒரு கட்டணம் என்று நீங்கள் பேசாத பேச்சுக்கு இரட்டைச் செலவு ஏற்பட்டிருக்கிறது. எல்லா நிறுவனங்களும் இப்படி வசூலிப்பதில்லை என்றாலும், வசூலிக்கும் நிறுவனத்தின் சந்தாதாரராக இருப்பவர் அதைப் பில் வந்த பிறகே அறிந்துகொள்கிறார்.

தீர்வு எளிது, ஆனால் புறப்படுவதற்கு முன்பே செய்ய வேண்டும். கைப்பேசியில் ##002# என்று அழுத்தி அழைப்புப் பொத்தானைத் தொட்டால், அழைப்பைத் திருப்பிவிடும் ஏற்பாடுகள் அனைத்தும் பொதுவாக நீங்கிவிடும். எடுக்காதபோதும் இணைப்பு கிடைக்காதபோதும் திருப்பிவிடுவதை மட்டும் நீக்க ##004# போதும். வாய்ஸ்மெயில் வேண்டும், ஆனால் பயணத்தில் யாரோடும் பேச விருப்பமில்லை என்பவர்கள் இதற்கு நேர்மாறாக, எல்லா அழைப்புகளையும் நேரடியாக வாய்ஸ்மெயிலுக்குத் திருப்பிவிட்டுப் புறப்படலாம். அப்போது திருப்பம் தாய் நிறுவனத்தின் வாசலிலேயே நடந்துவிடுவதால் அழைப்பு எல்லையைத் தாண்டுவதே இல்லை.

கேள்வி: என் தொடர்புப் பட்டியலில் உள்ள எண்களை வெளிநாட்டிலிருந்து அழைத்தால் சில செல்கின்றன, சில 'தவறான எண்' என்கின்றன. சுழியத்தைச் சேர்க்க வேண்டும் என்கிறார் ஒருவர், நீக்க வேண்டும் என்கிறார் மற்றொருவர். எது சரி?

பதில்: இருவரும் ஓரளவு சரிதான், ஏனென்றால் அவர்கள் பேசுவது இரண்டு வெவ்வேறு சுழியங்களைப் பற்றி. நாட்டுக்கு வெளியே போகப் போகிறேன் என்று தொலைபேசி நிலையத்துக்கு அறிவிக்கும் முன்னெண் ஒன்று உண்டு. பல நாடுகளில் அது 00. ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் 011, ஆஸ்திரேலியாவில் 0011, ஜப்பானில் 010. நாடு மாறும்போதெல்லாம் இதை நினைவில் வைத்துக்கொள்வது யாருக்கும் வேண்டாத வேலை. அதற்காகத்தான் கைப்பேசியில் கூட்டல் குறி இருக்கிறது; எண்பலகையில் சுழியத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அது தோன்றும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், அந்த நாட்டுக்கு உரிய முன்னெண்ணாக நெட்வொர்க்கே அதை எடுத்துக்கொள்ளும்.

மற்றொரு சுழியம், எண்ணின் தொடக்கத்தில் நிற்பது. அது ஒரு நாட்டுக்குள் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊரை அழைப்பதற்கான குறி. வெளியிலிருந்து அழைக்கும்போது பெரும்பாலும் அது போய்விட வேண்டும். லண்டன் எண் ஒன்று உள்நாட்டில் 020 என்று தொடங்கினால், வெளியிலிருந்து அது +44 20 என்று ஆகும். இங்கே ஒரு விதி கிடைத்துவிட்டது என்று நிம்மதி கொள்ளும் நேரத்தில் இத்தாலி குறுக்கே வருகிறது. அங்கே தரைவழி எண்களின் தொடக்கச் சுழியம் எண்ணின் பகுதியே ஆகிவிட்டதால், ரோம் நகர எண்ணை +39 06 என்று சுழியத்தோடுதான் அழைக்க வேண்டும். அர்ஜென்டினாவின் கைப்பேசி எண்களை வெளியிலிருந்து அழைக்கும்போது நாட்டுக் குறியீடான 54க்குப் பின் ஒரு 9 சேர்க்க வேண்டும். உள்நாட்டில் ஊர்க் குறியீட்டுக்குப் பின் வரும் 15ஐ விட்டுவிட வேண்டும். மெக்சிகோவில் 52க்குப் பின் 1 சேர்க்கும் பழக்கம் 2019 வரை இருந்தது, இப்போது தேவையில்லை. பழைய முகவரிப் புத்தகங்களில் அந்த 1 இன்னும் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே பயணத்துக்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, முக்கியமான எண்களையெல்லாம் கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, எண் என்ற வரிசையில் திருத்திச் சேமித்துவிடுங்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிப்படி நாட்டுக் குறியீடு உட்பட ஓர் எண் 15 இலக்கங்களைத் தாண்டாது. அதற்கு மேல் நீண்டால், வேண்டாத ஒன்று எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இப்படிச் சேமித்த எண் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அப்படியே வேலை செய்யும்; கூட்டல் குறி இருப்பதால் மட்டும் உள்நாட்டு அழைப்பு பன்னாட்டு அழைப்பு ஆகிவிடாது. விடுதி அறையின் தரைவழித் தொலைபேசியில் கூட்டல் குறி இல்லை என்பதால், அங்கே மட்டும் அந்த நாட்டு முன்னெண் தேவைப்படும்.

கேள்வி: பயணத்தில் இருந்தபோது +1 என்று தொடங்கும் எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால் வந்தது. அமெரிக்காவில் உள்ள உறவினராக இருக்கும் என்று திருப்பி அழைத்தேன். யாரோ எடுத்தார்கள், இசை ஒலித்தது, பேச்சே இல்லை. ஆனால் பெரிய தொகை கழிந்துவிட்டது.

பதில்: +1 என்பது அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. கனடாவும் கரீபியன் தீவு நாடுகள் பலவும் அதே குறியீட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. 1க்குப் பின் 876 வந்தால் ஜமைக்கா, 809 வந்தால் டொமினிக்கன் குடியரசு, 268 வந்தால் ஆன்டிகுவா-பார்புடா. பார்ப்பதற்கு அமெரிக்க எண் போலவே இருக்கும். கட்டணம் மட்டும் வேறு. ஒரே ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவதும், நம்மைத் திருப்பி அழைக்கவைப்பதும், வரும் கட்டணத்தில் பங்கு பெறுவதும் பழைய மோசடி. ஜப்பானிய மொழியில் இதற்கு 'வான்கிரி' என்று பெயர். 'ஒரு மணி, பிறகு துண்டிப்பு' என்பது அதன் பொருள். வீட்டில் இருக்கும்போதே இது செலவு. ரோமிங்கில் இருப்பவருக்கு இது மூன்றாவது நாட்டு அழைப்பாகவும் ஆகிவிடுவதால் அடி இரட்டிப்பாகிறது. உறவினராக இருந்தால் மறுபடியும் அழைப்பார், அல்லது ஒரு செய்தி அனுப்புவார். இசை முழுதும் கேட்ட பிறகுதான் வைத்தீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது, வேண்டாம், கேட்கவில்லை.

கேள்வி: வைஃபை இருக்கும்போது வாட்ஸப்பில் பேசினால் போதாதா? ரோமிங் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

பதில்: பெரும்பாலான நாடுகளில் பெரும்பாலான நேரம் போதும். இணையம் வழியாகச் செல்லும் குரலுக்கு எல்லைக் கணக்கு இல்லை. டேட்டா அளவுக் கணக்கு மட்டுமே உண்டு, அதுவும் குரல் அழைப்பில் மிகச் சிறியது. வீடியோவைத் திறந்தால் அது பல மடங்கு பெருகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆனால் மூன்று இடங்களில் அது கைவிடும். முதலாவது, நாடு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸப்பில் செய்தி அனுப்பலாம், ஆனால் குரல் அழைப்பு நீண்ட காலமாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. சீனாவில் வாட்ஸப் செயலியே இயங்காது. இதில் ஒரு விசித்திரம் உண்டு: சீனாவில் விடுதி வைஃபையில் இயங்காத செயலி, தாய்நாட்டுச் சிம்மின் ரோமிங் டேட்டாவில் பொதுவாக இயங்கிவிடுகிறது. ரோமிங்கில் நம் டேட்டா வழக்கமாகத் தாய் நிறுவனம் வரை சென்று, அங்கிருந்தே இணையத்துக்குள் நுழைகிறது என்பதுதான் காரணம். குரலைச் சுற்றிவிட்டு நம்மிடம் பணம் பறிக்கும் அதே சுற்றுவழி இங்கே நமக்கு உதவுகிறது. இரண்டாவது, மறுமுனை. தரைவழித் தொலைபேசி, வங்கி, மருத்துவமனை வரவேற்பறை ஆகியவற்றை வாட்ஸப்பில் பெரும்பாலும் பிடிக்க முடியாது. இதற்காகப் பலரும் ஸ்கைப்பில் சிறு தொகை போட்டு வைத்திருந்தார்கள். 2003இல் தொடங்கிய அந்தச் சேவை 2025 மே மாதத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது. சாதாரண எண்களுக்கு இணையம் வழியாகப் பேசவைக்கும் வேறு செயலிகள் இருக்கின்றன. பயணத்துக்கு முன் ஒன்றைத் தேர்ந்து, ஒரு தரைவழி எண்ணுக்குப் பேசிச் சோதித்துவிடுங்கள். மூன்றாவது, வைஃபை இல்லாத இடம். அவசரம் வரும்போது நாம் பெரும்பாலும் அங்கேதான் நிற்போம்.

'வைஃபை காலிங்' என்று கைப்பேசி அமைப்புகளில் காணப்படுவது வேறொன்று. அது செயலி அல்ல; உங்கள் சொந்த எண்ணிலிருந்து செல்லும் வழக்கமான அழைப்பையே வைஃபை வழியாகத் தாய் நிறுவனத்திடம் சேர்ப்பது. சில நிறுவனங்கள் இதை நீங்கள் வீட்டில் இருந்து பேசியதாகவே கணக்கிடுகின்றன. சில, வெளிநாட்டில் இருந்தால் ரோமிங் என்கின்றன. சில, வெளிநாட்டில் இயங்கவே விடுவதில்லை. முதல் வகை நிறுவனம் உங்களுக்கு வாய்த்திருந்தால், இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கவலைகள் உங்களுக்கு இல்லை.

கேள்வி: வெளிநாட்டில் இறங்கியதும் உள்ளூர்ச் சிம் வாங்கிவிடுவேன். ஆனால் வங்கியின் ஓ.டி.பி. பழைய எண்ணுக்குத்தானே வரும்? ஒவ்வொரு முறையும் சிம்மைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது.

பதில்: இரண்டு சிம் ஏற்கும் கைப்பேசியோ, தனி அட்டை இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே பதியும் இ-சிம் வசதியோ இருந்தால் கழற்றி மாட்டும் வேலை இல்லை. பழைய சிம்மை உள்ளேயே விட்டுவிட்டு, அதற்கு ரோமிங்கை மட்டும் திறந்து, டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறுவதற்குப் பெரும்பாலான நிறுவனங்கள் கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் நிறுவனம் அப்படித்தானா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சும் இணையமும் உள்ளூர்ச் சிம்மிலோ, பயண இ-சிம்மிலோ நடக்கட்டும்.

இந்த ஏற்பாட்டில் மூன்று சறுக்கல்களைப் பார்த்திருக்கிறேன். அமைப்புகளில் 'டேட்டாவை மாற்றிக்கொள்ள அனுமதி' என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும். அது திறந்திருந்தால், உள்ளூர்ச் சிம்மில் சிக்னல் குறையும்போது கைப்பேசி நம்மைக் கேட்காமலே பழைய சிம்மின் டேட்டாவுக்குத் தாவக்கூடும். எனவே அதை மூடிவிடுங்கள். அடுத்தது, பழைய எண்ணுக்கு வரும் அழைப்பைப் பழக்கதோஷத்தில் எடுத்துவிடுவது. அது ரோமிங் அழைப்பு. திரையில் எந்தச் சிம் என்று காட்டும், பார்த்துவிட்டு எடுங்கள். கடைசியாக, பயண இ-சிம்களில் பல டேட்டாவை மட்டுமே தருகின்றன, அவற்றுக்கு எண்ணே இருக்காது. உள்ளூர் விடுதியையோ வாடகைக் கார் ஓட்டுநரையோ சாதாரண அழைப்பில் பிடிக்க வேண்டுமானால், எண்ணோடு வரும் சிம் என்பதை உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள்.

நீண்ட காலம் தங்குபவர்களுக்கு ஒரு துணைக் குறிப்பு. துருக்கியில், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கைப்பேசியில் அந்நாட்டுச் சிம்மைப் போட்டால், கைப்பேசியைப் பதிவுசெய்யாத வரை 120 நாட்களுக்குப் பிறகு அது உள்ளூர் நெட்வொர்க்குகளில் இயங்காது. தாய்நாட்டுச் சிம்மோடு ரோமிங்கில் இருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: என் தந்தைக்கு எண்பது வயது. பட்டன் கைப்பேசியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். அதோடு ஜப்பானுக்கும் சிங்கப்பூருக்கும் அழைத்துச் செல்லலாமா?

பதில்: தந்தையை அழைத்துச் செல்லுங்கள், கைப்பேசியின் பெட்டியை ஒருமுறை படித்துவிடுங்கள். அது 2ஜி மட்டும் அறிந்த கருவியானால் இரண்டு நாடுகளிலும் அதற்கு வேலை இல்லை. ஜப்பானில் ஜி.எஸ்.எம். எப்போதுமே இருந்ததில்லை, சிங்கப்பூரின் 2ஜி நெட்வொர்க்குகள் 2017இல் மூடப்பட்டன. ஆஸ்திரேலியாவில் 2024இல் 3ஜியும் போய்விட்டது.

3ஜியும் இல்லாத நாட்டில் குரல் அழைப்பு 4ஜி வழியாகத்தான் செல்ல வேண்டும். அதற்கு 'வோல்ட்டி' என்று பெயர். கைப்பேசியில் அந்த வசதி இருந்தால் மட்டும் போதாது. உங்கள் நிறுவனமும் அங்குள்ள நிறுவனமும் வோல்ட்டி ரோமிங்குக்கு ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் புதிய ஸ்மார்ட்போனில்கூட இணையம் பாயும், அழைப்பு மட்டும் போகாது. இப்போது பயணிகளிடமிருந்து வரும் 'டேட்டா வருகிறது, பேச முடியவில்லை' என்ற புகார்களுக்குப் பல நேரங்களில் இதுவே காரணம். 4ஜி வோல்ட்டி கொண்ட பட்டன் கைப்பேசிகளும் கிடைக்கின்றன. தந்தையின் விரல்களுக்குப் பழகிய பொத்தான்களை அவர் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: கடலில் கப்பலில் இருந்தபோது நெட்வொர்க் நன்றாக வந்தது. வாங்கிய ரோமிங் பேக்கில் இருந்து கழியவில்லை, தனியாகக் கட்டணம் வந்தது.

பதில்: நடுக்கடலில் கரைக் கோபுரம் எட்டாது. உங்களுக்குக் கிடைத்தது கப்பலுக்குள்ளேயே இருக்கும் சிறு நெட்வொர்க். அது செயற்கைக்கோள் வழியாக உலகத்தோடு இணைகிறது. அது எந்த நாட்டின் பட்டியலிலும் வராது என்பதால் நாட்டு வாரியான பேக்குகள் அதற்குப் பொதுவாகப் பொருந்துவதில்லை. ஐரோப்பிய ஒன்றியச் சலுகையும் அங்கே செல்லாது. விமானத்துக்குள் கிடைக்கும் நெட்வொர்க்கும் இதே சாதி. கரையை விட்டதும் ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திறப்பது நல்லது. நில எல்லையோரம் தங்குபவர்களுக்கும் இதன் சிறிய வடிவம் ஒன்று நேரும்: பக்கத்து நாட்டுக் கோபுரம் வலுவாக இருந்தால் கைப்பேசி அங்கே ஓடிவிடும். நீங்கள் தாண்டாத எல்லையை உங்கள் சிம் தாண்டியிருக்கும். அங்கே இருக்கும்வரை நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் பணப்பை தொலைந்தது. வங்கி அட்டையை முடக்க, அட்டையின் பின்னால் இருந்த இலவச எண் நினைவில் இருந்தும் அழைப்பு போகவில்லை. இத்தகைய நேரத்தில் என்ன செய்வது?

பதில்: இலவச எண் என்பது ஒரு நாட்டுக்குள் மட்டும் பொருள் உடையது. வெளியிலிருந்து அது இணையாது, அல்லது இணைந்தாலும் இலவசமாக இருக்காது. பல நாடுகளுக்கும் பொதுவாக +800 என்று தொடங்கும் இலவச எண் வகை ஒன்று இருக்கிறது. அதுவும் எல்லா நிறுவனங்களின் நெட்வொர்க்கிலிருந்தும் கிடைப்பதில்லை. இதற்காகவே வங்கிகள், வெளிநாட்டிலிருந்து அழைப்பவர்களுக்கென்று கூட்டல் குறியோடு தொடங்கும் சாதாரண எண் ஒன்றை வைத்திருப்பது வழக்கம். அது அட்டையின் பின்புறத்திலோ வங்கியின் செயலியிலோ இருக்கும். அட்டை தொலைந்தால் எண்ணும் கூடவே தொலையும் என்பதால், கைப்பேசியில் ஒருமுறையும், பெட்டிக்குள் வைக்கும் தாளில் ஒருமுறையும் எழுதிவையுங்கள். பயணக் காப்பீட்டு நிறுவனத்தின் எண்ணையும் உங்கள் நாட்டுத் தூதரகத்தின் எண்ணையும் அதே தாளில் சேர்த்துவிடலாம்.

திருட்டோடு காயமும் சேர்ந்துவிட்டால் முதலில் தேவைப்படுவது அவசர எண். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112. அமெரிக்காவில் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000, ஜப்பானில் காவல்துறைக்கு 110, ஆம்புலன்சுக்கு 119. ஜி.எஸ்.எம். வழிவந்த கைப்பேசிகள் 112ஐ அவசர எண்ணாக அடையாளம் கண்டு, கிடைக்கும் எந்த நெட்வொர்க்கிலும் அனுப்ப முயலும். ரோமிங் பேக் தீர்ந்திருந்தாலும் பரவாயில்லை. சிம்மே இல்லாமல் அழைக்கலாமா என்பது நாட்டைப் பொறுத்தது: ஜெர்மனியில் 2009 முதல் சிம் இல்லாத கைப்பேசியிலிருந்து 112ஐ அழைக்க முடியாது. ஆகவே உள்ளூர்ச் சிம் காலாவதியாகிவிட்டது என்று கழற்றி எறிந்துவிட்டு, வெறும் கைப்பேசியோடு கடைசி நாளைக் கழிக்காதீர்கள்; தாய்நாட்டுச் சிம்மாவது உள்ளே இருக்கட்டும்.